பல்லி பன் கடை பாவா

அரக்கோணத்தில் பேக்கரி வாசலில் பன்னுக்காக நின்றிருந்தபோது அக்கா போன் செய்தாள். "பாவா பூட்டாருடா. நெஞ்ச புடிச்சிகினு அப்டியே சாஞ்சிட்டாரு" என்றாள். அக்காவின் கணவரைத்தான் பாவா என்போம். எனக்கு அழுகை வரவில்லை. காலையில் சட்னிப் பாத்திரத்தை மூடிவிட்டு வந்தேனா என்ற பயம்தான் முதலில் வந்தது. மாரடைப்பு என்று டாக்டர் சொன்ன பிறகும் அது முழுதாக விடவில்லை.

திருத்தணி மலையடிவாரத்தில் எங்கள் கடையில் தின்றவர்களுக்குப் பல்லி பன்னைத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பன்னைப் பிளந்து, கெட்டியாக வேர்க்கடலைச் சட்னி தடவி, நடுவில் மிளகாய் பஜ்ஜியை வைத்து அழுத்தித் தருவார் பாவா. வேர்க்கடலைக்குத் தெலுங்கில் பல்லி என்று பெயர். இரண்டும் பேசுகிற எங்களுக்கு அது உறுத்தியதே இல்லை. பன் அரக்கோணம், கடலை ஆந்திரா, இதில் திருத்தணி எங்கே என்று ஒருவர் சீண்டினார். "மலை ஏறி எறங்குன பசி இங்கதானே சார் எடுக்குது" என்றார் பாவா.

ஓர் ஆடிக் கிருத்திகை. கடை முன் காவடிக் கூட்டம். தெற்கிலிருந்து வந்த ஓர் அம்மா பாதி பன்னைத் தின்றுவிட்டு, சட்னியில் என்ன போட்டிருக்கிறீர்கள் என்று ஆசையாகக் கேட்டார். "பல்லிங்க. வறுத்து அரைச்சது" என்றேன். அவர் துப்பிவிட்டுக் கூச்சல் போட்டார். சட்னியில் பல்லியாம் என்று வரிசை முழுக்கப் பரவியது. இரண்டு மூன்று பேர் வாந்தி எடுத்தார்கள். வேர்க்கடலை, வேர்க்கடலை என்று நான் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. ஒருவர் கையில் கல் இருந்தது.

பாவா ஒரு கிண்ணம் சட்னியை அள்ளி, எல்லாரும் பார்க்கத் தின்றார். பெஞ்சை வெளியே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அரை மணி நேரம் இங்கியே உக்காந்துகினு இருக்கேன். எனக்கு எதனா ஆச்சுன்னா கடைய கொளுத்திடுங்க."

கூட்டம் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. நான் அவர் வாயையே பார்த்தேன். அன்று காலை சட்னிப் பாத்திரம் கொஞ்ச நேரம் திறந்து கிடந்தது. டியூப் லைட்டுக்குப் பின்னால் நிஜமான பல்லி ஒன்று குடியிருந்தது. அவருக்கு வியர்த்தபோதெல்லாம் முருகா முருகா என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஒன்றும் ஆகவில்லை. எல்லாரும் போன பிறகு, "சட்னிய மூடி வச்சிருந்தியா மச்சான்?" என்று கேட்டார். "ஆங்" என்றேன். பொய்.

"எனக்குச் சந்தேகமாத்தான் இருந்திச்சி. அதான் நானே துன்னேன்" என்றார். மறுநாளிலிருந்து தினமும் முதல் பன் அவருக்குத்தான். தின்று, அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் வியாபாரம். என் பொய்யைப் பற்றி அவர் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. இப்போது உங்களிடம் சொல்லிவிட்டேன்.

போர்டில் வேர்க்கடலை பன் என்று மாற்றிவிடு என்கிறாள் அக்கா. மாற்றவில்லை. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தப் பெஞ்சும் முதல் பன்னும். நாளைக் காலை கடையைத் திறக்கிறேன். மூடியை மூன்று முறை தொட்டுப் பார்த்தும் பயமாகத்தான் இருக்கிறது. வாருங்கள். நான் தின்று அரை மணி நேரம் ஆன பிறகு வாருங்கள்.