முங்குற கப்பல்

காலை ஆறேமுக்கால். ஹட்டன் ஸ்டேஷனில் முதலில் கண்ணில் படுவது, நனைந்த கம்பளியைத் தலையில் போட்டு நிற்கும் ஒரு பெண். டயகம தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். அவள் புருஷன் சரக்குக் கப்பலொன்றில் கரி அள்ளுகிறவன். அந்தக் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கி மூழ்கடித்துவிட்டதென்று என் கையிலிருக்கும் பத்திரிகை சொல்கிறது. அதைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து விசாரிக்கிறாள்.

“முங்குற கப்பல்னு எங்க தோட்டத்துல வேலை வாங்குற கண்டாக்கய்யா சொன்னாருங்க. அது மறுபடி மேல வருமாமே?”

“அது ஜெர்மன்காரன் கப்பல்மா. உங்க வீட்டுக்காரர் இருந்தது வேற.”

“அப்ப இது வராதுங்களா?”

“வராது.”

பத்திரிகையைக் காட்டுகிறாள். “அவுக பேரு போட்டிருக்கான்னு பாருங்கய்யா.”

பெயரைக் கேட்கிறேன். புருஷன் பெயரை வாயால் சொல்லாமல், “முருகன் பேருதாங்க” என்கிறாள்.

இறந்தவர் பட்டியலில் வெள்ளைக்கார அதிகாரிகள் ஒவ்வொருவர் பெயரும் இருக்கிறது. கடைசி வரியில் ‘மற்றும் இந்தியச் சிப்பந்திகள்’ என்று அச்சாகியிருக்கிறது.