எதுத்தாப்புல நின்ன மாமன்

இத எழுத வேணாம்னுதான் இருந்தேன். எழுதி என்ன ஆகப்போகுது? படிச்சிட்டு நம்ம பயலுக, "இதுவும் இவன் விடுற கதைதான்"ம்பானுக. அந்தப் பேரு எனக்கு உண்டு.

அப்ப மேலமாசி வீதியில ஒரு கடியாரக் கடையில எனக்கு வேலை. பாதியில பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவனுக்கு அது பெரிய உத்தியோகம். நாள் பூராம் பூதக்கண்ணாடியக் கண்ணுல இடுக்கிக்கிட்டு, கடுகுத் தண்டி திருகாணியோட மல்லுக்கட்டணும்.

அதுல ஒரு கோளாறு வந்துச்சு. சாயங்காலம் தலையத் தூக்கி வீதியப் பாத்தா எதுத்த கடை, மாடு, மனுசன் எல்லாம் தண்ணி பட்ட மை மாதிரி கலங்கித் தெரியும். நெத்திப்பொட்டு தெறிக்கும். தூங்கி எந்திரிச்சா கோபுரத்துப் பொம்மை வரைக்கும் பளிச்சுன்னு இருக்கும். பெறகு எதுக்கு மெனக்கெடணும்? "என் கண்ணு எங்க மொதலாளி மாதிரிடா, எட்ட நிக்கிறவன மதிக்காது"ன்னு கூட்டாளிகிட்டச் சொல்லிச் சிரிச்சுக்கிட்டுத் திரிஞ்சேன்.

பழங்காநத்தத்துல சித்தப்பா வீட்டுக் கல்யாணம். மொத நாள் சாயங்காலம், கடையில இருந்து நேராப் போனேன். பன்னீர்ச் செம்பக் கையில குடுத்து வாசல்ல நிப்பாட்டிட்டாக. கூட்டாளியும் பக்கத்துல நின்னான்.

எங்க சனத்துல பொண்ணு குடுக்கப் போற மாமன, மருமகனே எட்டு வச்சுப் போயி "வாங்க மாமா"ன்னு கூப்பிடணும். கூப்பிடாம அவரு பந்தல்ல கால் வைக்க மாட்டாரு. எனக்குன்னு பேசி வச்ச மகளக் கூட்டிக்கிட்டு சமயநல்லூர் மாமா வந்து, ரோட்டுக்கு அந்தப்பக்கம் நின்னிருக்காரு. என் கண்ணுக்கு ஒரு வெள்ளைக் கறை, ஒரு பச்சைக் கறை, அம்புட்டுத்தான். அந்தப் பக்கம் பாத்துக்கிட்டே, சமையக்காரர் தொந்தியப் பத்திக் கூட்டாளி காதுல என்னமோ சொல்லி, விழுந்து விழுந்து சிரிச்சேன்.

மாமா திரும்பிப் போயிட்டாரு.

விசயம் தெரிஞ்சு மறுநா விடியவும் சமயநல்லூருக்கு ஓடுனேன். "சத்தியமா கண்ணு தெரியல மாமா."

"அந்தா, கம்மாக்கரை மரத்துல என்ன உக்காந்திருக்கு?"

பாழாப்போன கண்ணு, அந்நேரம் பாத்துத் தெளிவா இருந்துச்சு. "மீன்கொத்தி."

"மீன்கொத்தி தெரியுது, மாமன் தெரியலையாக்கும்? ஒன் நையாண்டிய எல்லாம் கடைத்தெருவோட வச்சுக்கப்பா."

உள்ள கேட்டுக்கிட்டிருந்த வளவிச் சத்தம் நின்னு போச்சு.

கண் டாக்டருதான் கண்டுபிடிச்சுச் சொன்னாரு. "கிட்டப் பாக்குறதுக்குன்னு கண்ணுக்குள்ள ஒரு தசை இருக்குப்பா. கெண்டைக்கால் இழுத்துக்கிற மாதிரி, அது இழுத்தது இழுத்தபடியே நின்னுக்கிருது." சொட்டு மருந்து விட்டாரு, கடியாரத்தத் தொடாதேன்னாரு.

அதச் சொல்லிக் காலப் பிடிக்கலாம்னு கூட்டாளியோட போனா, மாமா வீட்டு வாசல்ல வாழை மரம் கட்டியிருக்கு. மாப்பிள்ளை கல்லுப்பட்டிக்காரராம். ரோட்டுலயே நின்னேன். மருந்து நல்லா வேலை செஞ்சது. அம்புட்டுத் தூரத்துல இருந்தும், அவ நெத்திச் சுட்டி கோணியிருந்தது வரைக்கும் தெரிஞ்சுச்சு.

திரும்பி வாரப்ப கூட்டாளிகிட்டக் கேட்டேன், "அன்னைக்குப் பந்தல்ல, அவ என்னையப் பாத்தாளாடா?"

"ஒன்னையப் பாத்துக் கைய ஆட்டிக்கிட்டே நின்னுச்சு மாப்ள, நீ பாத்துட்டுத்தான் வெளையாட்டுக் காட்டுறேன்னு நெனைச்சேன்."