பெரிய பெட்டி

தகட்டில் பெயர் பொறிக்கும் அந்தப் பட்டறையில் எல்லாரும் அவரை 'சூடு' என்றுதான் கூப்பிடுவார்கள். கையில் எப்போதும் ஈயம் பற்றவைக்கும் கம்பி சூடாக இருக்கும். வாயும் அதே சூடு. பழுது பார்த்தே தலை நரைத்தவர். எந்த மெஷினைத் திறந்தாலும் ஒரே தீர்ப்புதான்: "பவர் பத்தல, பெருசாப் போடு." பெரும்பாலும் பலிக்கும். பலித்துப் பலித்தே மனுஷனுக்குத் திமிர் ஏறிவிட்டது.

அங்கே இருந்த லேசர் மெஷினில் டிரைவர் செத்துப்போனது. ஒளியைக் கக்கும் லேசர் டயோடுக்குக் கரண்டை அளந்து கொடுக்கிற பெட்டி அது. வேறு வாங்கக் கடைக்குப் போனபோது, மெஷின் ஓட்டும் மாப்பிள்ளையும் கூட வந்தான். மனைவியின் தம்பி; அந்த வேலையில் சேர்த்துவிட்டதே இவர்தான்.

கடைக்காரர் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். சின்னது லேசருக்கென்றே செய்தது. பெரியது விளக்குகளுக்கானது.

"அத்தான், சின்னதையே எடுப்போம். போட்டதும் கரண்ட் மெதுவா ஏறுமாம், எல்லை தாண்டாதாம்."

"மெதுவா ஏற இதென்ன மாடிப்படியா? உன் வயசவிட நான் எரிச்ச பெட்டி அதிகம்டா. பெருச எடுத்துத் திருகிக் குறைச்சு வச்சுக்கலாம்."

கடைக்காரர் சிரித்தார். மாப்பிள்ளை சிரிக்கவில்லை.

பட்டறைக்கு வந்து பெரியதை மாட்டினார். குறைத்தும் வைத்தார். "போடுடா" என்றார். மாப்பிள்ளை ஸ்விட்சைத் தட்டினான். மீட்டர் முள் கடைசிவரை துள்ளி, பிறகுதான் அவர் வைத்த இடத்துக்கு இறங்கியது. அந்தத் துள்ளலிலேயே டயோடு போய்விட்டது. புகையில்லை, சத்தமில்லை. தகட்டில் ஒரு கீறல்கூட விழவில்லை.

பட்டறைக்கார அம்மா வந்து பார்த்தார். "யாரு போட்டது?"

"நான்தாம்மா" என்றான் மாப்பிள்ளை.

"உன் கை பட்டாலே விளங்காது. போன மாசம் லென்ஸ், இப்ப டயோடா? கெளம்பு. நாளையிலருந்து வராத."

சூடு கையிலிருந்த திருப்புளியைத் துடைத்துக்கொண்டே நின்றார். துடைக்க அதில் ஒன்றுமில்லை. மாப்பிள்ளை ஒரே ஒரு தடவை அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான்.

மதியம் வீட்டில் விஷயத்தைப் பாதியாகச் சொன்னார். வேலை போனதை மட்டும்.

"அவன் என்ன கூத்து அடிச்சானோ! நீங்க ஒரு வார்த்தை பேசிவிடுங்க. உங்களுக்குன்னு அங்க ஒரு மரியாதை இருக்குல்ல" என்றாள் மனைவி.

பிசைந்த சோற்றை அப்படியே வைத்தார். அந்த மரியாதைக்குத்தானே வாயை மூடிக்கொண்டு நின்றார். பாதியில் கையைக் கழுவிவிட்டுப் பட்டறைக்கு நடந்தார்.

"அம்மா, ஸ்விட்ச் போட்டதுதான் அவன். பெட்டிய எடுத்தது நான். சின்னது போதும்னு சொன்னான், நான் கேக்கல."

"இத அப்பவே சொல்றதுக்கென்ன? வாயில கொழுக்கட்டையா?" என்றார் அம்மா. "போய்க் கூட்டிட்டு வா. இனிமே அவன் பாத்து எடுக்கட்டும், நீ தூக்கிட்டு வந்தாப் போதும்."

மாப்பிள்ளை பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தான். சாப்பாட்டுப் பையைப் பிரிக்கவேயில்லை.

"வரச் சொல்றாங்க மாப்ள. உள்ளதைச் சொல்லிட்டேன்."

"இப்பவா சொல்றீங்க?" என்றான். பையை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

சின்ன பெட்டியையும் புது டயோடையும் அவன் எடுத்தான். இவர் தூக்கி வந்தார். மாட்டி முடித்ததும் அவன் தள்ளி நின்று, "போடுங்க" என்றான். இவர் போட்டார். முள் நிதானமாக ஏறி, சொன்ன இடத்தில் நின்றது. தகட்டில் எழுத்து பளிச்சென்று விழுந்தது.

'போடுங்க அத்தான்' என்றுதான் எப்போதும் சொல்வான். சூடு அந்த 'அத்தான்' வருமென்று காத்திருந்து பார்த்தார். அவன் அடுத்த தகட்டை எடுத்து வைத்துக்கொண்டிருந்தான்.