கால் ஊண்டிய இடம்

ஸ்கூட்டி பழக்கும் தொழிலில் வாய்க்குப் பாதி வேலை, இடுப்புக்கு மீதி வேலை. பிள்ளைகளுக்கு எதையாவது பழக்கிப் பார்த்தவர்களுக்கு என் நோவு விளங்கும். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். பிள்ளைகள் வளர்ந்து தங்கள் வழியில் போன பிறகுதான் ஸ்கூட்டி ஓடப் பழகினேன். இப்போது உடுப்பிட்டிப் பெண் பிள்ளைகளுக்குப் பழக்குகிறேன்.

தேசிக்காய்

என்னிடம் பழக வந்த தர்சினிக்கு இருபத்திரண்டு வயது. ஏ.எல். சோதனை சரிவராமல் வீட்டோடு இருந்தவளுக்குப் புத்தூரில் ஒரு முன்பள்ளியில் வேலை வந்தது. காலையில் நேரத்துக்குப் போக பஸ் இல்லை. பள்ளித் தவணை தொடங்குமுன் லைசன்ஸ் எடுத்தால் ஸ்கூட்டியில் போகலாம். இல்லாவிட்டால் அந்த இடம் வேறொருத்திக்கு.

லைசன்ஸுக்கு ட்ரயல் ஓடிக் காட்ட வேண்டும். எட்டுப் போலக் கீறிய கோட்டுக்குள் வளைந்து வரும்போது நிலத்தில் கால் ஊண்டினால் பெயில். தாய் கண்ணூறு கழிய ஸ்கூட்டிச் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்து அனுப்பியும் தர்சினி கால் ஊண்டினாள். இரண்டாம் தரம் இரண்டு தேசிக்காய். அப்போதும் ஊண்டினாள். ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்ற மகளைக் காட்டித் தாய் என்னிடம் சொன்னார்: "தேசிக்காயிலை பிழையில்லை அக்கா, இவள்தான் பிழை. ஏ.எல்.லிலையும் உதே கதைதான்."

ஓடினது யார்

பழகுகிறவளின் ஸ்கூட்டிப் பின் கம்பியைப் பிடித்தபடி, "பிள்ளையாரே, பிள்ளையாரே" என்று கூடவே ஓடுவது என் வழக்கம். என்னிடம் பழகின ஒருத்தியும் விழுந்ததில்லை என்று எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. என் மகன் சோதனையில் தவறினபோதும் இப்படித்தான். அவனுக்காக விரதம் பிடித்தேன், நேர்த்தி வைத்தேன், வாத்தியாரிடம் போய் அழுதேன். எங்கே பிழைத்தது என்று அவனை மட்டும் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டால் பிள்ளைக்கு நோகும் என்று பயம்.

"என்னோடை வடிவா ஓடினனி. அங்கை மட்டும் ஏன் பிள்ளை பிழைச்சுது?" என்று தர்சினியைக் கேட்டேன். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அன்ரி, நீங்கள் பிடிச்சிருக்கேக்கை நான் ஓடேல்லை. நீங்கள்தான் ஓடினீங்கள்."

ஏழு குச்சி

அடுத்த நாள் வெறும் காணியில் எட்டுக் கீறி, கம்பியை விட்டேன். விழுந்தாள். முழங்காலில் இரத்தம். தூக்கப் போன கையை நெஞ்சோடு சேர்த்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றேன். தானே எழும்பினாள்.

மிளகாய்க் கன்று பட்டுப்போன இடத்துக்கு அடையாளம் வைப்பதுபோல, கால் ஊண்டுகிற இடமெல்லாம் ஒரு பூவரசங்குச்சி நடுவோம் என்றேன். பொழுது சாயும்போது ஏழு குச்சி நின்றன. ஏழும் இடப்பக்க வளைவில், ஒரு முழத்துக்குள்.

"அதிலை வரேக்கை எதைப் பார்த்தனி?"

"முன்சில்லை."

"சில்லைப் பாராதை. போகவேண்டிய இடத்தைப் பார்."

அவள் குச்சிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். பிறகு, முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அப்ப நான் முழுக்கப் பிழையில்லை அன்ரி. இந்த ஒரு முழம்தான் பிழை."

மூன்றாம் தரம்

தவணை தொடங்க நாலு நாள் இருந்தது. சில்லுக்குக் கீழே தாய் வைத்த தேசிக்காயைத் தர்சினி எடுத்துத் தாயின் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள். நாங்கள் இரண்டு பேரும் வேலிக்கு வெளியே நின்றோம். இடப்பக்க வளைவு வந்தது. ஸ்கூட்டி ஒருமுறை ஆடியது. அவள் தலையை நிமிர்த்தினாள். கால் மேலேயே இருந்தது.

திரும்பி வந்தவளைக் கட்டிப்பிடித்துத் தாய் அழுதார். தேசிக்காய் இன்னும் அவர் கையில். தர்சினி சொன்னாள்: "அழுதது காணும் அம்மா. அந்தத் தேசிக்காயை வீட்டை போய்க் கரையுங்கோ, தொண்டை காயுது."

இப்போதும் புதுப் பிள்ளை ஒருத்தி ஸ்கூட்டியில் ஏறினால் நான் முதலில் இரண்டு கையையும் கூப்பிக்கொள்கிறேன். கும்பிடுகிற கை பின் கம்பியைப் பிடிக்காது, பாருங்கோ.