சாப்பாட்டுக்கு முன் ஒரு சோதனை

என் மனைவியின் தம்பி புதுச்சேரி ஊருக்குள் பள்ளி வேன் ஓட்டுகிறான். வேன் ஓடாத நேரத்தில் அரியாங்குப்பத்தையும் தாண்டித் தெற்கே, பாகூர்ப் பக்கம் இருக்கும் ஒன்றரை ஏக்கரில் நெல் பயிரிடுகிறான். மூன்று வருடங்களாக அதில் ரசாயன உரம் போடவில்லை. விளைச்சல் குறைந்துதான் போனது. கடற்கரையை ஒட்டிய தெரு ஒன்றில் அரிசிக் கடை வைத்திருப்பவர் அவனுடைய கிச்சிலிச் சம்பாவை நல்ல விலைக்கு எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார். ஆனால் இயற்கை விளைச்சல்தான் என்று சான்று வேண்டும் என்றார். அது இல்லாவிட்டால் மற்றவர்கள் நெல்லோடு நெல்லாக வியாபாரியிடம் போகவேண்டியதுதான்.

அவன் மனைவி ஒரு கெடு வைத்திருந்தாள். இந்த அறுவடைக்குச் சான்று வராவிட்டால் அடுத்த போகத்துக்கு யூரியா. அவனும் சரி என்றிருந்தான்.

நான் பத்திரிகையில் இருந்து ஓய்வுபெற்றவன். எந்த அலுவலகக் கதவும் எனக்குத் திறக்கும் என்பது அந்தக் குடும்பத்தின் நம்பிக்கை. ஒரு நாள் முத்தியால்பேட்டையில் என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினான்.

"மாமா, பேன்ட்டு போட்டுக்கிட்டு வாங்க. நான் தனியா போனா நாளைக்கு வான்னுடுவாங்க."

அப்படி யாரும் சொல்லவில்லை. வேளாண்மை அலுவலகத்தில் இருந்த இளம் பெண் அதிகாரி நாற்காலி காட்டி, பொறுமையாக விளக்கினார்.

"ரெண்டு வழி இருக்கு சார். பணம் கட்டி வெளியிலேருந்து ஆளை வரவெச்சு சோதனை பண்றது ஒண்ணு. பக்கத்துப் பக்கத்துல இருக்கற அஞ்சு விவசாயிங்க குழுவா சேர்றது இன்னொண்ணு. ஒருத்தர் நிலத்தை மத்தவங்க பாத்து கையெழுத்து போடணும். உங்க அளவு நிலத்துக்கு ரெண்டாவதுதான் சரிப்படும்."

"எங்க ஊர்க்காரனே எனக்குக் கையெழுத்து போட்டா எவன் நம்புவான், மேடம்?"

"உங்க வரப்புல என்ன மருந்து அடிக்கறீங்கன்னு டெல்லிக்காரருக்கா தெரியும்? பக்கத்து வயல்காரருக்குத்தான் தெரியும்."

மண்புழு உரத் தொட்டிக்குக் கிடைக்கும் மானியம், பயிற்சி வகுப்பு என்று அவர் மேலும் சொன்னார். மச்சினன் காதில் விழுந்தது ஐந்து பேர் என்பது மட்டும்தான். திரும்பும் வழியெல்லாம் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தான்.

மூன்று பேர் சுலபமாகக் கிடைத்தார்கள். இருவர் பங்காளிகள், ஒருவர் சிநேகிதர். மச்சினனைச் சேர்த்தால் நான்கு. அடுத்த வயல்காரர் வரத் தயார்தான். ஆனால் வரப்புக்கு அந்தப் பக்கம் கடலூர் மாவட்டம். அவர் நிலம் தமிழ்நாட்டில் இருந்தது. குழு ஒரே பக்கத்தில் இருந்துவிட்டால் குழப்பமில்லை என்றார் அதிகாரி. கடைசியில் பக்கத்து ஊரில் ஒரு அம்மா அகப்பட்டார். கோரிமேடு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்று, அப்பாவின் நிலத்தைப் பார்த்துக்கொள்பவர். ஊரே அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டது.

மச்சினன் நிலத்தைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடினார்கள். அவன் மனைவி நாட்டுக்கோழிக் குழம்பு வைத்திருந்தாள். பங்காளிகளும் சிநேகிதரும் காபியை முடித்துவிட்டு வாசலில் விரிப்பின் மேல் சாய்ந்திருந்தார்கள். சர்ச்சில் பூசை முடிந்து ஸ்கூட்டரில் வந்த சிஸ்டர் தண்ணீர்கூட வாங்கவில்லை.

"முதல்ல வயலு. சாப்ட்டுட்டா குத்தம் சொல்ல வாய் வராது."

"பேஷன்ட்டு ஒண்ணும் செத்துட மாட்டான் சிஸ்டர். ஒரு வாய் காபி குடிங்க" என்றார் பெரிய பங்காளி.

"டூட்டிலயே பேஷன்ட்டு வூட்டுக் காபிய நான் தொட்டதில்ல."

வயலில் குறை இல்லை. அடுத்த வயல் தண்ணீர் வந்து சேராதபடி வரப்பை உயர்த்தியிருந்தான். சிஸ்டர் மண்ணைக் கிளறிப் பார்த்தார், ஓரத்துப் புல் மருந்தில் கருகியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். தலையசைத்தார். பிறகு நெல் எங்கே என்று கேட்டார்.

நெல் பின்கட்டு அறையில் மூட்டைகளாக அடுக்கியிருந்தது. அவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"இது என்ன?"

"நெல்லு, சிஸ்டர்."

"நெல்லு தெரியுது. எதுல கட்டியிருக்க?"

அப்போதுதான் எல்லாரும் பார்த்தோம். ஒவ்வொரு மூட்டையின் வயிற்றிலும் நீலத்தில் பெரிதாக யூரியா என்று அச்சடித்திருந்தது. அந்தப் பக்கத்து வீடுகளில் யூரியா சாக்கு குளியலறைக்குத் திரை, மிளகாய் காயவைக்க விரிப்பு, மழையில் பைக் சீட்டுக்கு மூடி. அதை உரச் சாக்கு என்று யாரும் நினைப்பதில்லை. பங்காளிகள் சாய்ந்திருந்த விரிப்பும் அதே சாக்குகளைப் பிரித்துத் தைத்ததுதான். அச்செழுத்தைப் படிப்பதே தொழிலாக இருந்த நானும் அதில்தான் உட்கார்ந்திருந்தேன்.

"பழைய சாக்குக் கடையில வாங்கினது. போர்செட்டுல ரெண்டு வாட்டி அலசிக் காயவெச்சேன்."

"நீ அலசினது உனக்குத் தெரியும். அரிசி வாங்கறவ எதைப் பாத்து நம்புவா?"

"விடுங்க சிஸ்டர், சாக்குதான? நாளைக்கே மாத்திடுவான்" என்றார் பெரிய பங்காளி. அவர் பார்வை சமையலறைப் பக்கம் இருந்தது.

"மாத்தட்டும். அறுத்ததுலேருந்து இதுலதான இருந்துச்சு?"

நிலத்துக்குக் கையெழுத்துப் போடுவது, இந்த மூட்டைகளுக்கு இல்லை என்று முடிவானது. பங்காளிகளும் தலையாட்டினார்கள். அவர்கள் இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை.

மச்சினனின் மனைவி கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நெலத்துக்கு வருமா?"

"வரும்" என்றார் சிஸ்டர்.

"நெல்லுக்கு?"

"இந்த நெல்லுக்கு இல்லம்மா."

அவள் வைத்த கெடுவில் இப்படிப் பாதிப் பாதியாக ஒரு பதில் இல்லை. மச்சினன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் "சோறு ஆறுது, வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இலையில் சிஸ்டர் தயங்கவில்லை. குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். ஊற்றிக்கொண்டே அவள் கேட்டாள்.

"உங்க வூட்ல நெல்ல எதுல கட்டுறீங்க?"

"கோணில. புதுசு."

"அது எங்க கெடைக்கும்?"

மச்சினன் கையில் எடுத்த கவளத்தோடு நிமிர்ந்தான்.

"பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால. உன் வூட்டுக்காரரு தெனமும் அந்தத் தெருவுலதான் ஹாரன் அடிச்சிக்கினு போறாரு."

"ஹாரன் அடிக்கத்தான் தெரியும்" என்று சொல்லி, அவன் இலையில் ஒரு துண்டு கறியை வைத்தாள். "அடுத்த அறுப்புக்கு முன்னாடியே வாங்கிப் போட்டுடு."

அந்த வாரமே நெல் வழக்கமான வியாபாரியிடம் போனது, அதே மூட்டைகளில். சாக்கைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை.