வாய்க்காரி

வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியில் என்னை வாய்க்காரி என்று சொல்லாதவர்கள் குறைவு. தண்ணீர் மோட்டரைப் பகலெல்லாம் நிறுத்தி வைத்த கட்டடச் சொந்தக்காரரோடு வாய் காட்டியது நான்தான். அடுத்த நாளே தண்ணீர் வந்தது. அந்தத் தண்ணீரில் குளித்துவிட்டு வந்த கீழ் வீட்டு அக்கா படியில் என்னைக் கண்டு, எனக்கு வாய் கொஞ்சம் கூடத்தான் என்றார். கூடத்தான். குறைக்கிற எண்ணம் இல்லை. பிறகு கிராம சேவகரிடம் அவருடைய அலுவல் ஒன்று இழுபட்டபோது அதே அக்கா வந்து, "உம்மட வாய் ஒருக்கா வேணும்" என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார். போனேன். அலுவல் முடிந்தது. திரும்பி வந்த பிறகும் நான் வாய்க்காரிதான்.

எங்கள் பேச்சில் வாய் சாப்பிடுவதற்கு மட்டும் இல்லை. வேலை செய்யாமல் நிற்பவன் வாய் பார்க்கிறான். அடுத்த வீட்டுச் சங்கதி வேண்டுமென்றால் வாயைக் கிளறுகிறார்கள். தேவையில்லாமல் கதைத்தால் வாயைக் கொடுத்து மாட்டுப்பட்டதாகச் சொல்கிறார்கள். ஒரு ஆண் எதிர்த்துக் கேட்டால் நியாயம் கதைக்கிறான். நான் கேட்டால் வாய்க்கொழுப்பு. வழக்கமாக என்னை ஏற்றும் ஓட்டோக்காரர்கூட என் வாய் சரியான காரம் என்று சிங்களத்தில் சொல்லிச் சிரிப்பார். அவர் சொன்னால் எனக்குக் கோபம் வருவதில்லை, ஏனென்றால் அவர் ஒளித்துச் சொல்வதில்லை.

அம்மாவைச் சொந்தக்காரர்கள் வாயில்லாப் பூச்சி என்பார்கள், அதுவும் பாராட்டாக. அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அம்மா பிறவியில் அப்படி இல்லை. வீட்டுக்குள் அவருடைய சிரிப்பு பக்கத்து ஃப்ளாட் வரை கேட்கும். வெளியே போனால்தான் வாய் மூடிக்கொள்ளும். நான் சின்னப் பிள்ளையாக இருந்த சண்டைக் காலத்தில் பஸ்ஸில் தமிழ் கேட்டால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அடுத்த சந்தியில் ஆமிக்காரர் இறக்கி அடையாள அட்டை கேட்பார்கள். ஆகவே பஸ்ஸில் அவரை அம்மா என்று கூப்பிடக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். கொட்டாஞ்சேனையில் சித்தி வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை நாங்கள் இருவரும் முன்பின் தெரியாதவர்கள் மாதிரி இருப்போம்.

சோதனைச் சாவடிகள் போய்விட்டன. அம்மாவின் பழக்கம் போகவில்லை. வங்கியோ கிளினிக்கோ, யார் எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரே ஒரு சிங்களச் சொல்தான் இருக்கும்: "ஹொந்தாய்." நல்லது, சரி, ஒன்றுமில்லை, எல்லாம் அதற்குள் அடக்கம். கேள்வி விளங்கினாலும் அதுதான், விளங்காவிட்டாலும் அதுதான். அதற்கு மேல் கதைத்தால் தமிழ் என்று தெரிந்துவிடும் என்ற பயம்.

போன வருடம் ஒருநாள் அம்மா படியில் நின்று கைபிடியைப் பிடித்தபடி மூச்சு வாங்குவதைக் கண்டேன். வெயில் என்றார். மாதாமாதம் பிரஷர் மருந்து எடுக்கும் கிளினிக்குக்கு அவர் தனியாகத்தான் போய் வருவார். அந்த முறை நானும் கூடப் போனேன்.

டொக்டர் இளம் பையன், நல்ல முகம். நெஞ்சு நோ ஏதும் உண்டா என்று சிங்களத்தில் கேட்டார். அம்மா சிரித்துக்கொண்டு ஹொந்தாய் என்றார். மூச்சு வாங்குகிறதா? ஹொந்தாய். அவர் பழைய மருந்தையே எழுதத் தொடங்கினார். அவரில் பிழை இல்லை. நோயாளியே நல்லம் என்றால் அவர் என்ன செய்வார்? சேர், கொஞ்சம் பொறுங்கள் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு அம்மாவிடம் திரும்பினேன்.

"தமிழிலை சொல்லுங்கோ அம்மா. நான் அவருக்குச் சொல்லுறன்."

பின்னால் வரிசை. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து, சனம் பார்க்குது, மெல்லக் கதை என்றார்.

"பாக்கட்டும். நீங்கள் சொல்லுமட்டும் நான் இந்தக் கதிரையை விட்டு எழும்பமாட்டன்."

இதை நான் வேண்டுமென்றே உரத்துச் சொன்னேன். வரிசையில் ஒரு மனிதர் இருமினார். இருமட்டும் என்று இருந்தேன். டொக்டர் பேனையை வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா நிலத்தைப் பார்த்தபடி, முதலில் காற்று மாதிரி, பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"படி ஏறேக்கை நெஞ்சை அமத்துது. இடது கை விறைக்குது. பொங்கல் முடிஞ்ச கையோடை தொடங்கினது."

அப்போது ஆடி மாதம். நான் அதைச் சிங்களத்தில் சொல்லி முடிக்க முன்னமே டொக்டர் எழுந்துவிட்டார். அன்றைக்கே ஆஸ்பத்திரியில் கட்டில் கொடுத்தார்கள். இன்னும் சில நாள் விட்டிருந்தால் ஆளே இல்லை என்று பிறகு சொன்னார்கள்.

வார்ட்டில் அம்மா கொஞ்சம் தெளிந்ததும் கேட்டேன். வெளியே பயம், சரி. வீட்டில் என்னிடம் சொல்வதற்கு என்ன?

"உன்ரை வாய்க்குப் பயந்துதான். சொன்னால் நீ ஆஸ்பத்திரியை ரெண்டாக்கிப்போடுவாய்."

"ஓம், ஆக்கியிருப்பன். இனியும் ஆக்குவன்."

அம்மா போர்வையை விலக்கிக் கணுக்காலைக் காட்டினார்.

"அப்ப எழும்பு. ராத்திரியிலை இருந்து காலும் வீங்குது. போய்ச் சொல்லு."

நான் எழும்பிப் போனேன்.