படுத்துவிட்ட பரேடு

என் கணவர் போலீசிலிருந்து ஓய்வு பெற்று வந்த மறுநாளே மேலகரத்து வயலைச் சுற்றிப் பார்த்தார். அவர் ஊர் ஊராக மாற்றலாகிப் போன காலமெல்லாம் அந்த வயலைப் பார்த்துக்கொண்டவள் நான். "இனிமே நான் பாத்துக்கிடுதேன், நீ ரெஸ்ட் எடு" என்றார். வயல் கையை விட்டுப் போனால் நாள் முழுக்க சீரியலா பார்ப்பேன்?

சண்டை போட்டு ஒரு முடிவுக்கு வந்தோம். மக்காச்சோளம், ஆளுக்குப் பாதி வயல். யார் பாதியில் விளைச்சல் அதிகமோ, அடுத்த போகத்திலிருந்து முழு வயலும் அவர் சொற்படி.

நான் வழக்கம்போல் வரிசைக்கு வரிசை ஒன்றரை முழம், செடிக்குச் செடி ஒரு சாண் விட்டேன். குழிக்கு இரண்டு விதை போட்டு, முளைத்ததும் நோஞ்சானைப் பிடுங்கிவிடுவேன். அவர் விட்ட இடைவெளி நாலு விரல். பரேடு என்றால் நெருங்கித்தான் நிற்க வேண்டுமாம்.

"குழிக்கு ஒண்ணையாவது பிடுங்கிப் போடுங்க" என்றேன்.

"முளைச்ச பிள்ளையப் பிடுங்கச் சொல்லுதியே, நீயும் ஒரு தாய்தானாட்டி?"

யூரியாவை நான் மூன்று தவணையாகப் பிரித்து வைத்தேன். அவர் புது மாப்பிள்ளைக்குச் சோறு வைப்பதுபோல் ஒரே நாளில் அள்ளிக் கொட்டினார். பயிர் கருகருவென்று ஆள் உயரத்தைத் தாண்டியது. குற்றாலத்தில் சீசன் தொடங்கியிருந்தது. குளிக்க வந்த சொந்தக்காரர்களை ஐந்தருவிக்குப் போகும் முன் வயலுக்குத்தான் கூட்டி வந்தார். எல்லாரும் அவர் பாதியில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். "மைனி, ஒங்களுக்கு வெத பத்தலையோ?" என்று கேட்டான் என் கொழுந்தன். எரிச்சலில் அழுகையே வந்தது. அதையும் போட்டோ எடுப்பார்களே என்று அடக்கிக்கொண்டேன்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். வெயிலுக்கு ஒன்றோடொன்று அடித்துக்கொண்டு ஒல்லியாக வளர்ந்த பயிர், யூரியா தின்று கொழுத்த இலை வேறு. ஒரு காலையில் போய்ப் பார்த்தால் அவர் பாதி மொத்தமும் கிழக்கே பார்த்துப் படுத்திருந்தது. ஒழுக்கத்தில் குறை சொல்ல முடியாது, ஒன்றுகூடத் திசை மாறி விழவில்லை. ஒன்றைத் தூக்கிப் பக்கத்துச் செடியோடு கட்டினார். இரண்டும் சேர்ந்து விழுந்தன. "எந்திலே!" என்று அவர் அதட்டியதை என் காதால் கேட்டேன்.

அறுவடையில் உரித்துப் பார்த்தால் அவர் கதிர் விரல் பருமன், அதிலும் கிழவன் வாயில் பல் மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாக மணி. என் பாதியில் நாலைந்து செடி சாய்ந்ததோடு சரி. கதிர் ஒவ்வொன்றும் கைக்கு அடங்கவில்லை. அவர் தன் கதிரை என் கதிருக்குப் பக்கத்தில் வைத்து வைத்துப் பார்த்தார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. வயலை விட்டுக்கொடுக்கும் அளவுக்குப் பாவமாக இல்லை.

அடுத்த போகத்தில் நெருங்கி முளைத்ததைக் கலைத்துவிடும் வேலையை அவருக்குக் கொடுத்தேன். குத்தவைத்து ஒவ்வொரு நோஞ்சானாகப் பிடுங்கினார். பிடுங்கும்போதெல்லாம் அதனிடம் ஏதோ முணுமுணுத்தார். காது கொடுத்துக் கேட்டேன்.

"கோவிச்சிக்கிடாதலே. மேலிடத்து உத்தரவு."

மேலிடம் வரப்பில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தது.